இழை: சாம்பாருக்குத் துவரம்பருப்பு போடாத ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை (தஞ்சாவூர்)

கீழவாசல்காரன் | மார்ச் 9, பிற்பகல் 3.40

தஞ்சாவூரில் கீழவாசல் பக்கம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை நடக்கிறது. ஆறு மேசைதான். கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். அடுப்படியில் வயதான ஓர் அம்மாவும் அவருடைய மகளும். கடையின் பெயரை இங்கே போட்டால் விளம்பரம் ஆகிவிடும். வேண்டுபவர்களுக்குத் தனிமடலில் சொல்கிறேன்.

இயற்கை உணவகம் என்று இப்போது ஊருக்கு நாலு பலகை தொங்குகிறது. பல இடங்களில் மண்பானையும் கயிற்றுக் கட்டிலும் இருக்கும், இலையில் விழுவது மட்டும் வழக்கமான சாப்பாடு. இந்தக் கடையில் அலங்காரம் எதுவும் கிடையாது. வாசலில் ஒரு கரும்பலகை. அன்றைய சமையலை எழுதி, எதிரே பொருள் வந்த ஊரையும் எழுதிவிடுகிறார்கள். நேற்று இருந்தது இது (தூயமல்லி ஒரு பாரம்பரிய நெல் ரகம்):

தூயமல்லிச் சோறு – அம்மாபேட்டை
முருங்கைக்காய்ச் சாம்பார் – ஒரத்தநாடு
வாழைப்பூப் பொரியல் – திருவையாறு
பரங்கிக்காய்க் கூட்டு – கண்டியூர்
மிளகு ரசம், மோர்
உப்பு – வேதாரண்யம்
வெளியூர்ச் சரக்கு – புளி, மிளகு, கடுகு, பெருங்காயம்

அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. எல்லாமே எங்கள் தோட்டத்தில் விளைந்தது என்று அளக்காமல், எது இங்கே விளையவில்லை என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சாம்பாரின் ருசி வேறாக இருந்தது. கேட்டேன். "டெல்டாவில் துவரைக்கு எங்கே போவது? சம்பா அறுப்புக்கு முன்னால் வயலில் தெளித்துவிடுகிற உளுந்தும் பயறும்தான் நம் பருப்பு. அதனால் பாசிப்பருப்புச் சாம்பார்தான்" என்றார் கடைக்காரர். முதல் வாய் கொஞ்சம் இனிப்பாகத் தெரியும். பாதிச் சாப்பாட்டில் பழகிவிடும். வயிறும் கனக்கவில்லை.

உருளைக்கிழங்கு கிடையாது. காலிஃபிளவர், முட்டைக்கோஸ் கிடையாது. காப்பியும் கிடையாது, சுக்குமல்லிதான். அதை மட்டும் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை, தஞ்சாவூர்க்காரன் ஆயிற்றே!

சாப்பாடு 150 ரூபாய். ஒன்றரை மணிக்கு மேல் போனால் பானை கவிழ்ந்திருக்கும். உறுப்பினர்களிடம் என் கேள்வி: இந்த விலை நியாயமா? இப்படி ஒரு கடை நம் ஊரில் நிலைத்து நிற்குமா?

---

பாலக்கரை | மார்ச் 9, மாலை 6.15

நண்பரே, கரும்பலகையில் யார் வேண்டுமானாலும் எந்த ஊரையும் எழுதலாம். சுண்ணாம்புக் கட்டிக்குச் சான்றிதழ் கிடையாது.

திருச்சியில் ஒரு கடையில் சிவப்பரிசிப் புட்டு என்று 80 ரூபாய் வாங்கினார்கள். கை கழுவப் போனபோது அடுப்படி தெரிந்தது. மளிகைக் கடையில் தொங்குகிற சாதாரணப் புட்டு மாவுப் பாக்கெட்டுகள் அட்டைப் பெட்டியோடு அடுக்கியிருந்தன. அன்றிலிருந்து இந்த மாதிரிப் பலகைகளைக் கண்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. உடம்பு சரியில்லாதவர்களும் வயதானவர்களும் நம்பித்தானே அங்கே போகிறார்கள்?

அதே தெருவில் 90 ரூபாய்க்கு வயிறு நிறையச் சாப்பாடு கிடைக்கும். கூடுதல் 60 ரூபாய் எதற்கு என்று கடைக்காரர் காட்ட வேண்டும். சான்று இருக்கிறதா?

---

விதைநெல் | மார்ச் 9, இரவு 9.30

பாலக்கரை ஐயாவின் கேள்வி அவசியமானது. உழவர் குழு ஒன்றோடு வேலை செய்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று 2001-இல் தொடங்கிய தேசிய உயிர்ம (இயற்கை வேளாண்) உற்பத்தித் திட்டம். இதில் மூன்றாம் தரப்பு வந்து ஆய்வு செய்யும். நம் மாநில அரசுக்கே கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட சான்றளிப்புத் துறை இருக்கிறது. நெல், காய்கறி போன்ற பயிர் என்றால் ரசாயனத்தை நிறுத்திய பிறகு 2 ஆண்டுகள், மா, தென்னை போன்ற நெடும்பயிர் என்றால் 3 ஆண்டுகள் நிலம் மாற்றக் காலத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று பங்கேற்பு உத்தரவாத முறை, பி.ஜி.எஸ். என்பார்கள். குறைந்தது 5 உழவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி சொல்வது. செலவு குறைவு என்பதால் சிறு உழவர்களுக்கு இதுதான் தோது.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் இதற்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது. உறையில் அடைத்து இயற்கை விளைபொருள் என்று விற்றால் இந்த இரண்டில் ஒன்றின் சான்றும், அதற்கென்று அரசு வகுத்த முத்திரையும் வேண்டும். தன் விளைச்சலை நேரடியாகச் சாப்பிடுபவரிடமே விற்கும் சிறு உழவருக்கு விலக்கு உண்டு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சான்று பேசுவது நிலத்தையும் விளைபொருளையும் பற்றி. உங்கள் இலையில் விழுந்த கூட்டில் அந்தப் பரங்கிக்காய்தான் போட்டார்களா என்பதை எந்தத் தாளும் சொல்லாது. அதற்குக் கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும். நான் எங்கே போனாலும் கேட்பது இதுதான்: "இன்றைக்கு என்ன கிடைக்கவில்லை?" எல்லாம் இருக்கிறது என்று பதில் வந்தால் மேற்கொண்டு கேட்பதில்லை. மழை பெய்து கீரை அழுகிவிட்டது, வெண்டை இன்னும் பத்து நாள் ஆகும் என்று பேசுகிறவரிடம் உட்கார்ந்து சாப்பிடலாம். வயலோடு பேச்சு இருப்பவருக்குத்தான் அந்தப் பதில் வாயில் வரும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணைச் சுவரில் மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். 14 இலக்க எண். இயற்கைக் கடையோ எந்தக் கடையோ, எல்லோருக்கும் அது வேண்டும்.

---

வடக்குவீதி அக்கா | மார்ச் 10, காலை 7.05

விலையைப் பற்றி நான் பேச வேண்டும். கல்லூரி விடுதிகளுக்குப் பக்கத்தில் பல வருடம் மெஸ் நடத்தியவள் நான்.

90 ரூபாய்ச் சாப்பாட்டில் லாபம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? எண்ணெயில் இருந்துதான். டின் எண்ணெய் வாங்கினால் பொரியல், குழம்பு, அப்பளம் எல்லாவற்றிலும் கை தாராளமாக ஓடும். செக்கு நல்லெண்ணெய் என்று இறங்கிப் பாருங்கள். ஒரு லிட்டர் இறங்க ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எள் வேண்டும். கூடக் கருப்பட்டி, ஆட்டுக் கூலி. எள் கிலோ என்ன விலை என்று நீங்களே விசாரித்துக் கணக்குப் போடுங்கள். செக்கெண்ணெய் என்று சொல்லிக்கொண்டு, அந்தக் கணக்குக்குக் கீழே யாராவது விற்றால் அது எள்ளில் ஆட்டியதாக இருக்க முடியாது.

அடுத்தது அரிசி. மில்லில் தீட்டிய அரிசி உலை கொதித்த இருபது நிமிடத்தில் பதம் வந்துவிடும். மாப்பிள்ளைச் சம்பா மாதிரிப் பாரம்பரிய ரகத்தை முதல் நாள் இரவே ஊற வைக்க வேண்டும், அப்படியும் அடுப்பு இரண்டு மடங்கு எரியும். எரிவாயு யார் தருவார்கள்? இன்னொன்றும் உண்டு. இப்போது மார்ச் மாதம், தையில் அறுத்த நெல் இன்னும் புதுசு. புது அரிசியை வடித்தால் களி ஆகிவிடும். போன வருட நெல்லைப் பூச்சி விழாமல் வைத்திருந்து குத்த வேண்டும். ரசாயன மருந்து போடாமல் நெல்லை ஒரு வருடம் காப்பாற்றுவது லேசு இல்லை. நொச்சி இலை, வேப்பிலை போட்டு, மாதம் ஒரு தடவை வெயில் காட்ட வேண்டும். அதில் ஒரு மூட்டை வீணானால் அந்த மாத லாபம் போனது.

காய்கறியில் ஒரு தொல்லை. சந்தைக் காய் அளவெடுத்து வைத்தது போல வரும், நறுக்க நேரமாகாது. மருந்தடிக்காத கத்தரிக்காய் கூடையாக வந்தால் நான்கில் ஒன்றில் புழு இருக்கும். ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்துத்தான் சட்டியில் போட முடியும். அதற்கு ஓர் ஆள் தனி.

150 ரூபாய்க்கு அவர்களுக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஒன்றரை மணிக்குப் பானை கவிழ்வதும் கணக்கோடுதான். மிச்சம் விழுந்தால் தாங்க மாட்டார்கள்.

---

வெண்ணாற்றங்கரை | மார்ச் 10, இரவு 8.50

இப்படிப்பட்ட கடைகளுக்கு நெல் கொடுப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் ஐயா கையால் 2 கிலோ விதை வாங்கிய ஆயிரக்கணக்கானோரில் நானும் ஒருவன். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அதுதான் அங்கே நிபந்தனை. அப்படியே 174 பாரம்பரிய ரகங்களை மீட்டுப் பரப்பிவிட்டு 2018 டிசம்பரில் போய்விட்டார். அதற்கு ஐந்து ஆண்டு முன்னால், அதே டிசம்பரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா. டெல்டாவில் மீத்தேன் எரிவாயு எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர், பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் மறைந்தார். இந்த இருவரும் ஊர் ஊராக நடக்காமல் இருந்திருந்தால் தூயமல்லி என்ற பெயரை இந்த இழையில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

விளைச்சலைச் சொல்கிறேன். பக்கத்து வயல்காரர் புது ரகம் போட்டு, ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் முப்பது வரை காண்கிறார். எனக்குத் தூயமல்லியில் பதினெட்டு வந்தால் நல்ல வருடம். மாப்பிள்ளைச் சம்பா 160 நாள் பயிர், ஆள் உயரம் வளரும். ஐப்பசி கார்த்திகை மழையில் காற்றும் சேர்ந்தால் மொத்தமாகப் படுத்துவிடும். உரச் செலவு எனக்குக் குறைவு, தழை உரத்துக்குத் தக்கைப்பூண்டை விதைத்து 45 நாளில் மடக்கி உழுகிறேன், பஞ்சகவ்யமும் வீட்டிலேயே. ஆனால் களை எடுப்புக் கூலி அவரை விட அதிகம்.

எங்களுக்கு உண்மையான தலைவலி அரவையில்தான். பெரிய மில்லுக்கு நான்கு மூட்டை எடுத்துப் போனால் சிரிப்பார்கள். அவர்களுக்கு லாரிக் கணக்கில் வேண்டும். மேல்தோலை மட்டும் நீக்கி, தவிட்டை விட்டுவைக்கும் சின்ன மில் எங்கள் பக்கம் ஒன்றே ஒன்று. அங்கே முறை வைத்துக் காத்திருக்கிறோம். அந்த மில்காரர் கடையை மூடினால் தஞ்சாவூரில் பாதிக் கடைகளுக்கு அரிசி கிடையாது. விலையைப் பற்றிப் பேசுபவர்கள் இதையும் பேச வேண்டும்.

சின்னக் கடை எங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், மாதம் மூன்று மூட்டை என்று சொல்லி ஆண்டு முழுக்க எடுக்கிறார்கள். பெரிய வியாபாரி தையில் வந்து மொத்தமாகக் கேட்பார், விலையை அவரே சொல்வார். ஆறு மேசைக் கடை எனக்குக் கொடுக்கிற தைரியத்தை அவர் கொடுத்ததில்லை.

---

ஆடுதுறை | மார்ச் 11, காலை 6.20

வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி வெண்ணாற்றங்கரை எழுதியது முழுக்கச் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்.

இந்த மாதிரி உரையாடல்களில் புது ரக நெல்லைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது. 1960-களில் தஞ்சை மாவட்டத்தைத் தீவிர வேளாண் திட்டத்தில் சேர்த்தார்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் குறுவைப் பருவத்தில் பரவியதும் அந்தக் காலம்தான். அப்போது ரேஷன் கடையில் கோதுமைக்கும் சோளத்துக்கும் வரிசையில் நின்ற வீடுகள் எத்தனை! நெல் விளைந்து வயிறு நிறைந்தது. அதை மறந்துவிட்டுப் பேசுவது அந்தத் தலைமுறை உழவருக்குச் செய்யும் அநியாயம்.

பிழை எங்கே நடந்தது என்றால், ரகத்தோடு சேர்த்து உரமும் மருந்தும் அளவில்லாமல் போனதிலும், பழைய விதையைப் பாதுகாக்காமல் விட்டதிலும். 160 நாள் நெல்லுக்குக் குறுவையில் இடமே இல்லை. ஜூன் 12 மேட்டூர் அணை திறந்து செப்டம்பரில் அறுக்க வேண்டும். சம்பாவில் ஒரு பங்கு நிலத்தைப் பாரம்பரிய ரகத்துக்கு ஒதுக்கினால் உழவருக்கும் தாங்கும், கடைகளுக்கும் போதும். நான் பார்த்த வரையில் நிலைத்து நிற்பவர்கள் அப்படிச் செய்பவர்கள்தான்.

---

செவிலி_கும்பகோணம் | மார்ச் 11, பிற்பகல் 2.10

தயவு செய்து ஒரு விஷயம். இந்தக் கடைகளில் சிலவற்றில் 'கருப்புக் கவுனி சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஓடிவிடும்' என்று எழுதி ஒட்டுகிறார்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டுக் காலில் புண்ணோடு வருகிறவர்களை வார்டில் பார்க்கிறேன். மனம் பதறுகிறது.

தீட்டாத அரிசியில் நார்ச்சத்து இருக்கிறது, சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறும், சீக்கிரம் வயிறு நிறையும். அதெல்லாம் நல்லது. ஆனால் எந்த நிற அரிசியிலும் ஏறக்குறைய முக்கால் பங்கு மாவுச்சத்துதான். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டால் தூயமல்லியும் சர்க்கரையை ஏற்றும். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் அப்படித்தான்.

கீழவாசல்காரன் அண்ணா, உங்கள் கடையில் அப்படி ஏதாவது எழுதியிருக்கிறார்களா?

---

கீழவாசல்காரன் | மார்ச் 11, இரவு 7.45

இல்லை அம்மா. நோய் பற்றி ஒரு வரி கூடச் சுவரில் இல்லை. சோற்றைக் கிண்ணத்தில் அளந்து ஒரு முறை, கேட்டால் இன்னொரு முறை. காய் மட்டும் எத்தனை முறை கேட்டாலும் கிடைக்கும். எங்கள் தெருவில் உப்பு குறைக்கச் சொல்லப்பட்ட பெரியவர் ஒருவர் தினமும் வருகிறார். அவருக்குக் கூட்டில் உப்புப் போடுவதற்கு முன்பே ஒரு கரண்டி தனியாக எடுத்து வைத்துவிடுகிறார்கள். முப்பது நாற்பது பேருக்குச் சமைக்கிற இடத்தில்தான் இதைச் செய்ய முடியும்.

விதைநெல் சொன்ன கேள்வியையும் கேட்டுவிட்டேன். "இன்றைக்கு வாழை இலை இல்லை" என்றார். மாசி முகூர்த்தம், திருவையாற்றில் இலைக்கட்டு விலை எகிறிவிட்டதாம். தையல் இலையில்தான் பரிமாறினார்கள். பதிவு எண் கல்லாப் பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறது.

---

பாலக்கரை | மார்ச் 15, மாலை 5.30

வேலையாகத் தஞ்சாவூர் வந்தவன் தனிமடலில் முகவரி வாங்கி நேரில் போனேன்.

அடுப்படியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தடுக்கவில்லை. வெண்கலப் பானையில் சோறு வடிந்துகொண்டிருந்தது. முறத்தில் பிளந்த கத்தரிக்காய், அதில் தள்ளி வைத்த சொத்தைக் காய்கள் ஒரு பக்கம். வடக்குவீதி அக்கா எழுதியதை அப்படியே பார்த்தேன். பாக்கெட் என்று எதுவும் கண்ணில் படவில்லை. அம்மாபேட்டை உழவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய பழைய குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார்கள். மூட்டை வந்த நாள், எடை, கொடுத்த பணம், எல்லாம் வரிசையாக இருந்தன. பி.ஜி.எஸ். சான்றின் நகலும் அதற்குள்ளேயே. அந்தக் குறிப்பேட்டைக் கடையின் முன்னால் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். இப்படி ஒன்று வைத்திருப்பவர்கள் அதை அலமாரியில் ஒளித்து வைக்கலாமா?

கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. மிளகும் உளுந்தும் வறுத்து அரைத்த வாசனை, மேலே கறிவேப்பிலை. காய் வெந்தும் தோல் குழையாமல் இருந்தது. இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன். ரசம் எனக்குப் பிடிக்கவில்லை, புளி தூக்கல்.

விலையில் என் குறை இன்னும் தீரவில்லை. செலவுக் கணக்கு புரிகிறது. ஆனால் மருந்தடிக்காத சோறு 150 ரூபாய் கொடுக்க முடிந்தவருக்கு மட்டும்தான் என்றால், வயலில் மருந்தைச் சுவாசித்து வேலை செய்கிற கூலிக்காரர் அதை எப்போது சாப்பிடுவார்?

---

விடுதி மாணவி | மார்ச் 15, இரவு 9.20

பாலக்கரை ஐயா கேட்டதுதான் என் கேள்வியும். எங்களுக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவே 150 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். மாதம் ஒரு முறை போகலாம், அதற்கு மேல் முடியாது.

---

வெண்ணாற்றங்கரை | மார்ச் 16, காலை 5.50

ஐயா, என் வயலில் நடவுக்கும் களைக்கும் வருகிறவர்களுக்குக் கூலியோடு நெல்லும் அளக்கிறேன், அவர்கள் வீட்டிலும் தூயமல்லிதான் வேகிறது. இது என் ஒருவன் வயல் கதை. ஊர் முழுக்க நடக்க வேண்டும் என்றால் ரேஷனிலும் பள்ளிச் சத்துணவிலும் உள்ளூர் நெல் வர வேண்டும். அதற்கு முதலில் வட்டாரத்துக்கு ஒரு சின்ன மில் வேண்டும். எங்கள் உழவர் குழு அதற்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறது. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் விதைநெல் தம்பிக்குத் தனிமடல் அனுப்புங்கள்.

---

வடக்குவீதி அக்கா | மார்ச் 16, காலை 8.30

நானும் போடுகிறேன், தம்பி. கீழவாசல்காரன், உங்கள் கடைக்காரரிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். மதியம் வடித்ததில் மிஞ்சுவதை என்ன செய்கிறார்கள்? பழைய சோறாகக் காலையில் விற்றால் பிள்ளைகளுக்கு 30 ரூபாயில் கொடுக்கலாம். நட்டமும் வராது.

---

கீழவாசல்காரன் | மார்ச் 17, பிற்பகல் 1.15

கேட்டேன் அக்கா. மதியச் சோறு மிஞ்சுவதே இல்லை என்றார். நீங்கள் சொன்னதைச் சொன்னதும், அந்த அடுப்படி அம்மா உள்ளேயிருந்து வந்து, "இரவு தனியாக ஒரு படி வடித்துத் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன்" என்று அவராகவே சொன்னார். அடுத்த திங்கட்கிழமை தொடங்குகிறார்கள். காலை ஏழு முதல் எட்டரை வரை மாப்பிள்ளைச் சம்பாப் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம், சுண்டிய பழங்குழம்பு. 30 ரூபாய். மாணவி, தூக்குச் சட்டி கொண்டு வந்தால் விடுதிக்கும் எடுத்துப் போகலாம். முந்தைய நாள் மாலைக்குள் எத்தனை பேர் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.